நாலு நாலு மைக்ரானாக

…ஒன்றே ஒன்றுதான், ஒரே ஒரு ஸ்லைடு, அதனால் என்ன குறைந்துவிடப் போகிறது, நாலு மைக்ரான், தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது, அதை எடுத்துப் பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே தம்பிதுரை ஐஸ் தட்டின் மேல் கவிழ்ந்து கிடந்த பிளாக்கை எடுத்துவிட்டான். கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை மெழுகு, அதற்குள் சேமியாத் துண்டு போல இரண்டு இழை, அவ்வளவுதான் புவனா… சீ, கட்டிய மனைவியை அப்படி நினைக்கலாமா, புவனா சரவணம்பட்டியில் இருக்கிறாள், இந்நேரம் கம்பெனிக் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கும் காலி ரோட்டில் யாராவது ஒரு பெண்ணை ஸ்கூட்டரில் உட்கார வைத்துப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருப்பாள், ஓட வேண்டாம் என்று சொன்னால் கேட்கிறாளா, பெண்களுக்கு வண்டி ஓட்டப் பழக்குவது அவள் தொழில், இது அவளுடைய இடது நுரையீரலில் பதினோரு நாளைக்கு முன்னால் ஊசி விட்டு எடுத்த சதை, லேப் நம்பர் எல் 2217, அவ்வளவுதான். எத்தனை பேருடைய சதையை இப்படி வெட்டியிருப்பான், ஆஸ்பத்திரியின் இந்த லேபுக்கு வருகிற எல்லாச் சதையும் மெழுகில் உறைந்து அவன் கைக்குத்தான் வரும், அவன் மெழுகைச் சீவும் மைக்ரோடோம் மிஷினின் சக்கரத்தைச் சுற்றுவான், பிளேடில் பட்டுப் பட்டு மெழுகு ரிப்பனாக இறங்கும், வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்துவான், சாயம் ஏற்றுவான், டாக்டர் டெய்சி மேடம் பார்த்து என்ன நோய் என்று எழுதுவார், அவன் பார்ப்பது நம்பரைத்தான், ஆளை அல்ல. அதனால்தானே மேடம் நேற்று சாயங்காலம் கிளம்பும்போது அவ்வளவு தெளிவாகச் சொன்னார், தம்பிதுரை, புவனாவோட பிளாக்கை நீங்க தொட வேண்டாங்க, நாளைக்கு அருள்செல்வி வந்து பத்து செக்‌ஷன் கட் பண்ணட்டும், ஒரு மணிக்குக் கொரியர் வரும், பெங்களூருக்கு ஜீன் டெஸ்டுக்குப் போயிரட்டும், என்று. அவனும் சரிங்க மேடம் என்றான். அருள்செல்விக்குப் பவானியில் ஏதோ சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், முகூர்த்தம் முடிந்து பதினோரு மணிக்குத்தான் வருவாள். இப்போது எட்டு. லேபில் யாரும் இல்லை. ஒரே ஒரு ஸ்லைடு.

பத்து செக்‌ஷனுக்கு சீவல் ஒன்றுக்கு நாலு வீதம் நாற்பது மைக்ரான் போதும், பிளாக்கில் அதைப்போலப் பத்து மடங்கு இருக்கிறது, கண்ணாலேயே தெரிகிறது, அப்படியிருக்க ஒன்று எடுத்தால் என்ன… ஆனால் ஒரு தடவை கழற்றிய பிளாக்கைத் திரும்ப மாட்டும்போது பழைய தளத்திலேயே உட்காராது, ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், அதைச் சமன்படுத்தவே கொஞ்சம் சீவிப்போக வேண்டும், சேமியா இழையில் அந்தக் கொஞ்சம் கொஞ்சமல்ல, இதையெல்லாம் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவனே சொல்லிக்கொடுத்திருக்கிறான். தெரியும். தெரிந்தேதான் மாட்டினான், திருகை இறுக்கினான், சக்கரத்தில் கை வைத்தான். எதற்கு, எதைப் பார்க்க… அந்த நீலத்தை. போன வருஷம் மேடம் அலமாரியிலிருந்து அறுபது பழைய பிளாக் எடுத்துவரச் சொன்னார், எல்லாம் நுரையீரல் புற்றுநோய், ஆபரேஷன் செய்து எடுத்தவை, ஏதோ ஆராய்ச்சி, அறுபதையும் அவன்தான் திரும்ப வெட்டிச் சாயமேற்றினான். ஒரு நாள் மைக்ராஸ்கோப்போடு இணைத்திருந்த திரையில் ஒன்றைக் காட்டினார், ரோஜா நிறத்தில் பரந்து கிடந்த சதைக்கு நடுவில் அங்கங்கே கருநீல வட்டம் வட்டமாக, விமானத்திலிருந்து பார்த்தால் கிராமங்கள் தெரியுமே அந்த மாதிரி. நோயை எதிர்க்கற செல்லு ஒண்ணு ரெண்டு அலையறது வேறங்க தம்பிதுரை, இப்படிக் கூடி ஒழுங்கா உக்கார்றது வேற, கழுத்துல நெறி கட்டுதே, அதுக்குள்ள என்ன அமைப்பு இருக்குமோ அதே அமைப்பு, கட்டிக்குப் பக்கத்துலயே உடம்பு புதுசா உண்டாக்கிக்குது, நடுவுல இப்படி வெளுத்த வட்டம் இருந்தா அது முதிர்ந்தது, இது இருக்கறவங்க மத்தவங்களைவிட நல்லாத்தான் இருக்காங்க, என்றார். அன்றைக்கு அவன் என்ன நினைத்தான்… சாயம் நன்றாக ஏறியிருக்கிறது என்று நினைத்தான். அது மட்டும்தான். மேடத்தின் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் இருந்தது, முதலில் நம்பர், அடுத்து நீல வட்டம் எத்தனை, கடைசியில் ஆள் இருக்கிறாரா இல்லையா. ஸ்லைடு பெட்டியை மேஜையில் வைக்கிற சாக்கில் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பார்த்து அவனுக்கு அது பாடமே ஆகிவிட்டது. நாலாம் நம்பர், பதினெட்டு வட்டம், இருக்கிறார். பன்னிரண்டு, ஒன்பது வட்டம், இருக்கிறார். இருபத்தாறு, வட்டமே இல்லை, இல்லை. இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான், ஒரு கட்டத்துக்குள் ஒரு சொல்.

ஆனால் அந்தப் பட்டியலை அவளிடம் போய் எதற்குச் சொன்னான், யார் சொல்லச் சொன்னது. ரிப்போர்ட் வருவதற்கு முன்பே, கட்டியாகவே இருந்தாலும் பயப்படாதே கண்ணு, சிலருக்கு நீல நீலமாக ஒன்று இருக்கும், அது இருந்தால் ஆள் தப்பித்துக்கொள்வார்கள், என்று பெரிய மேதாவி மாதிரி. வியாழக்கிழமை ரிப்போர்ட் வந்தது, கேன்சர்தான். சிகரெட் வாசம்கூட ஆகாத நாற்பத்தொரு வயசுப் பெண்ணுக்கு. மேடம் இரண்டு பேரையும் உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார், புகை பிடிக்காத பெண்களுக்கு வருவதில் பாதிப்பேருக்கு ஜீனில் ஒரு மாற்றம் இருக்கிறது, அது இருந்தால் தினம் ஒரு மாத்திரை, கட்டி சுருங்கும், அதற்குத்தான் டெஸ்ட், என்று. அவன் அதைக் காதில் வாங்கியும் வாங்காமலும் இருந்துவிட்டு, புவனா எழுந்து வெளியே போனதும், அந்த நீல வட்டம் இருக்குங்களா மேடம், என்றான். இந்தத் துண்டுல காணோங்க, ரொம்பச் சின்னத் துண்டு, காணோம்னா இல்லவே இல்லைன்னு அர்த்தமில்ல, என்றார். திரும்பி வீட்டுக்குப் போகும்போது வண்டியை அவள்தான் ஓட்டினாள், எப்போதும் அவள்தான், அவன் பின்னால். கணபதி சிக்னலில் சிவப்பு விழுந்தது, நூற்றிருபது நொடி, ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது, எழுபதோ அறுபதோ இருக்கும்போது அவள் முன்னால் பார்த்தபடியே கேட்டாள், ஏனுங்க, அந்த நீலம் எனக்கு இருக்குதுங்களா. ஹெல்மெட்டின் பின்பக்கம்தான் தெரிந்தது அவனுக்கு. முகம் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பானா… இருக்கு கண்ணு, என்றான். நெறைய இருக்குதுங்களா. நெறைய. பச்சை விழுந்தது, வண்டி கிளம்பியது, அன்று ராத்திரி பத்து நாளைக்குப் பிறகு மூன்று தோசை சாப்பிட்டாள், வெள்ளிக்கிழமை காலையில் எல்லாருக்கும் போன் போட்டு, சனிக்கிழமையிலிருந்து வகுப்பு உண்டு வந்துருங்க, என்றாள். ஈரோட்டு விடுதியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் நந்திதாவிடம், அம்மாவுக்குச் சளி கட்டிக்கிச்சு கண்ணு, சரியாப்போயிருச்சு, என்று சிரித்தபடி பேசினாள். இவன் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். ஒரு சொல், அதை வைத்து ஒரு பெண் எழுந்து நடமாடுகிறாள், அந்தச் சொல் பொய். பொய்யாகவே இருக்க வேண்டுமா என்ன, மேடமே சொன்னாரே, காணோம் என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, இன்னும் கொஞ்சம் உள்ளே இருக்கலாம், உள்ளே இருந்துவிட்டால் அவன் சொன்னது பொய் இல்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்மை.

முதல் ஸ்லைடு சாயம் ஏறி வர நாற்பது நிமிஷம். அவசரத்துக்குச் சூட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தான், மெழுகைக் கரைக்கும் சைலீனின் வாடை மூக்கில் ஏற, ஒவ்வொரு ஜாடியிலும் எண்ணி எண்ணித் தூக்கிப் போட்டு, நீலச் சாயம், கழுவல், ரோஜாச் சாயம், கழுவல், மேலே ஒரு துளிப் பசை, மூடு கண்ணாடி. மேடத்தின் நாற்காலியில் உட்காரவில்லை, நின்றபடியே குனிந்து கண்ணை வைத்தான். இல்லை. இழையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நகர்த்தினான், அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலப்புள்ளி, யாரோ மிளகைத் தூவிவிட்டுப் போனது மாதிரி, கூட்டமாக எங்கும் இல்லை. இரண்டாவது இழை. அதிலும் இல்லை. சரி, பார்த்தாயிற்று, கழற்றி ஐஸ் தட்டில் வைத்துவிடு, அருள்செல்வி வருவதற்குள் எல்லாம் பழையபடி… என்று மனசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே அடுத்ததை எடுத்தால் இதே படம்தான் வரும், ஐம்பது மைக்ரான் இறங்கினால்தான் வேறு படம், ஆகவே பன்னிரண்டு சுற்றுக் கழித்துவிட்டு ஒன்று, திரும்பப் பன்னிரண்டு கழித்து ஒன்று, திரும்ப ஒன்று. கழித்த ரிப்பன் சுருண்டு சுருண்டு கீழ்த்தட்டில் விழுந்தது, நேற்று வெட்டிய பதினாலு பேருடைய சீவலும் அங்கேதான் கிடந்தது, தினமும் காலையில் பெருக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான், இன்றைக்குத் தொடங்கியதே வேலையாக இல்லையே. அந்த ஊசி அன்றைக்கு அவளை என்ன பாடு படுத்திவிட்டது. குப்புறப் படுக்க வைத்து, ஸ்கேன் வளையத்துக்குள் தள்ளி, மூச்சைப் புடிங்க, விடுங்க, புடிங்க, என்று, எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள், ஆனாலும் நுரையீரலைச் சுற்றிக் காற்று இறங்கிவிட்டது, அப்படியும் சிலருக்கு ஆகுமாம், விலாவில் குழாய் போட்டு மூன்று நாள் படுக்கையில். அழவில்லை அவள். குழாயை உருவிய அன்றைக்குத்தான் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன வேணாப் பண்ணுங்க, நான் வாரேன், இந்த ஊசிக்கு மட்டும் இன்னொருக்கா என்னைக் கூட்டிட்டு வராதீங்க, என்றாள். இல்ல கண்ணு, இனி இல்ல, என்று சத்தியம் மாதிரிச் சொன்னான். எத்தனை சொல்லியிருக்கிறான் அவளிடம், இந்தப் பதினோரு நாளில்.

இரண்டாவதிலும் இல்லை, மூன்றாவதிலும் இல்லை, நாலாவதில், கடவுளே, நாலாவதில் ஓரத்தில், இழை முடிகிற விளிம்பில், நகக்கண் மாதிரி ஒரு நீல வளைவு. அரை வட்டம், அதிலும் பாதி. பெரிதாக்கிப் பார்த்தான், செல்கள் நெருக்கி அடித்துக்கொண்டு நின்றன, ஒன்று, பத்து, முப்பது, எண்ண முடியவில்லை, கண்ணில் நீர் கோத்துக்கொண்டு எல்லாம் கலங்கியது, துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தான். இதுதான், இது தொடக்கம், வட்டத்தின் மேல் முனையை பிளேடு இப்போதுதான் தொட்டிருக்கிறது, இன்னும் கொஞ்சம் இறங்கினால் முழு வட்டம், நடுவில் வெளுப்பும் இருக்கும், கட்டாயம் இருக்கும். மணி பத்து ஐந்து. இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். பிளாக்கைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான், இழைகள் மங்கித் தெரிந்தன, ஒன்று நடுவில் அறுந்து இரண்டாகியிருந்தது, பத்து செக்‌ஷனுக்கு இது இப்போதும் போதும், நெருக்கிப் பிடித்தால் போதும், நிறுத்திவிட்டால் போதும்… நிறுத்தினால் அந்த அரைவாசி வளைவோடு வீட்டுக்குப் போக வேண்டும். அதை வைத்துக்கொண்டு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது. காடு விற்ற காசு கைக்கு வந்த மறுமாசமே தண்ணீருக்காக நாற்பதடி நாற்பதடியாகப் போர் போட்டுப் போட்டு முழுக்கத் தொலைத்த பெரியப்பா ஒருத்தர் இருந்தார் அவனுக்கு, காங்கயம் பக்கம், எழுநூறு அடியில் ஈரமண் வந்தது என்றுதான் ஆயிரம் அடிக்குப் போனார், அவரைப் பார்த்து ஊரே சிரித்தது, இவனும் சிரித்திருக்கிறான். சக்கரம் சுற்றியது. பன்னிரண்டு கழிக்காமல் எட்டுக் கழித்தான், ஒன்று எடுத்தான். எட்டு, ஒன்று. அடுத்த எட்டில் ஆறாவது சுற்றிலேயே ரிப்பனின் நிறம் மாறியது தெரிந்தது, கை தெரிந்துகொண்டது கண்ணுக்கு முன்னால், சதை படும்போது பிளேடில் ஒரு சின்னக் கரகரப்பு இருக்கும், அது இல்லை, வழுக்கிக்கொண்டு இறங்கியது, வெறும் மெழுகு. வெந்நீரில் மிதக்கவிட்டான், கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு மூலையில் மட்டும் பஞ்சுப்பிசிறு போல ஏதோ. அதையும் ஏந்தினான், ஏழாவது ஸ்லைடு. பிளாக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். வெளிச்சம் தங்குதடையில்லாமல் இந்தப் பக்கம் வந்தது.

என்ன பண்ணிவிட்டேன், என்ன பண்ணிவிட்டேன் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்க, கை பாட்டுக்கு மூன்று ஸ்லைடையும் ஜாடி ஜாடியாக மாற்றிக்கொண்டிருந்தது. ஜீன் டெஸ்ட். பாதிப்பேருக்கு இருக்கிறது என்றாரே, தினம் ஒரு மாத்திரை என்றாரே. பார்க்க முடிகிற நல்லது ஒன்று, பிடித்துக்கொள்ளக்கூடிய நல்லது, அதை நாலு நாலு மைக்ரானாகச் சீவிக் குப்பைத் தட்டில் போட்டுவிட்டான், எதற்காக, இருந்தாலும் மாத்திரை ஆகாத, இல்லாவிட்டாலும் ஒன்றும் செய்ய முடியாத ஒரு நீல வட்டத்துக்காக. தட்டில் சுருண்டு கிடப்பதைப் பொறுக்கிவிடலாமா… எது அவளுடையது, எது நேற்று வந்த கர்ப்பப்பை, எது யாருடைய குடல், மெழுகுக்கு முகம் இருக்கிறதா, ஒருத்தர் சதையோடு இன்னொருத்தர் சதை கலந்தால் டெஸ்டே பொய்யாகிவிடும். குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் கதவு திறந்தது, அருள்செல்வி, பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையும், மேலே அவசரமாக மாட்டிய வெள்ளைக் கோட்டும். ஏனுங்கண்ணா, சாப்பிட்டீங்களா, பலகாரம் கொண்டாந்திருக்கேன், என்றபடியே வந்தவள் அவன் கையைப் பார்த்தாள், மைக்ரோடோமைப் பார்த்தாள், ஐஸ் தட்டில் பிளாக் இல்லாததைப் பார்த்தாள். அவன் நீட்டிய பிளாக்கை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள், ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள். அண்ணா, மேடத்துக்குப் போன் பண்ணட்டுங்களா, நீங்க பண்றீங்களா, என்றாள். நானே பண்றேன் அம்மணி, என்றான்.

மேடம் வர இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் அவன் கடைசி மூன்றையும் பார்த்துவிட்டான், பார்க்காமல் இருக்க முடியுமா. ஐந்தாவதில் அந்த வளைவு கொஞ்சம் தடித்திருந்தது. ஆறாவதில் ஒரு திட்டு, வட்டம் என்றும் சொல்லலாம், நசுங்கிய நெல்லிக்காய் என்றும் சொல்லலாம், நடுவில் வெளுப்பு இருப்பது போலவும் இருந்தது, விளக்கைக் கூட்டினால் இல்லாதது போலவும். ஏழாவதில் ஒன்றுமே இல்லை. ஆறு, அந்த ஆறாவது. இருபத்திரண்டு வருஷத்தில் லட்சம் ஸ்லைடு வெட்டியிருப்பான், ஒன்றைப் படிக்கத் தெரியாது, இது என்ன என்று சொல்ல இன்னொருத்தர் கண் வேண்டும். மேடம் வந்தார், கைப்பையை வைத்தார், அவன் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், கத்தவில்லை, கத்தியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வெட்டிப் போட்டதெல்லாம் எங்க. தட்டுல மேடம், கலந்துபோச்சுங்க. சாயம் ஏத்துனது எத்தனை. ஏழுங்க, ஒண்ணுல ஒண்ணுமில்ல. அவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறாவதில் நின்றார். இதைத்தான் தேடுனீங்களா, என்றார் கண்ணை எடுக்காமலே. ஆமாங்க மேடம். இருக்கலாங்க, என்றார், பிறகு, ஊசி நசுக்குனதாக்கூட இருக்கலாம், நசுங்குனா இப்படித்தான் நீலமா அப்பிக்கும், இவ்வளவு சின்னதுல என்னால சொல்ல முடியாது, யாராலயும் முடியாது. ஸ்லைடை எடுத்து மேஜையில் வைத்தார். என் தோளுக்கு மேல எட்டிப் பாப்பீங்களே, அந்தப் பட்டியல் அறுபது பேருக்குத்தான் பேசும் தம்பிதுரை, ஒரு ஆளுக்குப் பேசாது, முப்பத்தொண்ணாம் நம்பர் ஞாபகம் இருக்கா, என்றார். இருந்தது. இருபத்திரண்டு வட்டம், ஆள் இல்லை, நாலே மாசம். எட்டாம் நம்பருக்கு வட்டமே கிடையாது, போன மாசம்கூடச் செக்கப்புக்கு வந்து லேபுக்கு ஒரு பை கொய்யா கொடுத்துவிட்டுப் போனார். இரண்டும் தெரியும் அவனுக்கு, இந்த மூன்று நாளும் இரண்டையும் நினைக்கவே இல்லை, நாலையும் பன்னிரண்டையும் மட்டுமே நினைத்தான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சாயம் ஏறிய சதையிலிருந்தும் ஜீனை எடுக்கலாம், முன்பும் இரண்டு மூன்று தடவை அப்படி அனுப்பியிருக்கிறோம், கிடைத்தாலும் கிடைக்கும், என்றார் மேடம், பெங்களூருக்குப் போன் செய்து பேசினார், அனுப்புங்க பார்க்கலாம் என்றார்களாம். சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு ஸ்லைடின் முதுகிலும் புள்ளி வைத்து வளைத்தார், இது வரைக்கும் சுரண்டணும், கட்டி இதுக்குள்ளதான் இருக்கு, என்று. பசை இன்னும் காயாததால் சைலீனில் போட்ட பத்தே நிமிஷத்தில் மூடு கண்ணாடி கழன்றது. அருள்செல்வி பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கத்தி முனையால் சுரண்டினாள், நீங்க உக்காருங்கண்ணா, என்றாள், அவனைத் தொடவிடவில்லை. ஆறாவது ஸ்லைடு வந்தபோது மேடம் அவனைப் பார்த்தார். இதை வேணும்னா வெச்சுக்கலாங்க, ஆனா கட்டி இதுலதான் அதிகமா இருக்கு. வேணாங்க மேடம், சுரண்டிருங்க, என்றான். கத்தி போன இடமெல்லாம் கண்ணாடி வெளுத்துக்கொண்டே வந்தது, ரோஜாவும் நீலமும் ஒன்றாகச் சுருண்டு முனையில் ஒட்டிக்கொண்டது, மூக்குப்பொடிச் சிட்டிகைகூடத் தேறாது, அதைச் சின்னக் குழாயில் தட்டி மூடினாள். ஒரு மணி ஐந்துக்குக் கொரியர் வந்து வாங்கிக்கொண்டு போனது. பத்து நாள் ஆகுங்க, போதும்னாங்கன்னா சரி, போதலைன்னா ரத்தத்துல ஒரு டெஸ்ட் இருக்கு, அது சில நேரம் காட்டிக்கொடுக்காது, அதுலயும் தெரியலைன்னா மறுபடி ஊசிதான், இதை நீங்கதான் புவனாகிட்டச் சொல்லணும், இன்னைக்கே சொல்லணும், என்றார் மேடம். திங்கட்கிழமை வேலைக்கு வரலாமா என்று அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மாடிப்படி வளைவில் நின்று போன் செய்தான். சாயங்காலம் நேரில் சொல்லலாம்தான், ஆனால் நேரில் சொல்வானா, முகத்தைப் பார்த்தால் வேறு ஏதாவது சொல்லிவிட மாட்டானா. ஏனுங்க, சொல்லுங்க, என்றாள், மூச்சு வாங்கியது, பின்னால் ஒரு ஸ்கூட்டர் உறுமி உறுமி நின்றது. கண்ணு, நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன், என்று ஆரம்பித்தான், இந்த முறை எதையும் முன்னே பின்னே மாற்றாமல் சொன்னான், பிளாக்கை எடுத்தது, ஏழு ஸ்லைடு, கடைசியில் வெறும் மெழுகு, பெங்களூர், பத்து நாள், மறுபடி ஊசி வேண்டியிருக்கலாம் என்பது வரை. வண்டிய ஆஃப் பண்ணுங்க அம்மணி, அப்படி நெழல்ல நில்லுங்க, வாரேன், என்று யாரிடமோ சொன்னது கேட்டது, பிறகு சத்தமெல்லாம் அடங்கியது, நடந்து தள்ளி வந்திருப்பாள். எதைத் தேடுனீங்க, என்றாள். அந்த நீலத்தத்தான். இருக்குன்னுதானுங்க சொன்னீங்க, சிக்னல்ல, நெறைய இருக்குதுன்னு, அப்பறம் எதுக்குங்க மறுபடி தேடுனீங்க, என்றாள். கோபமாகக்கூட இல்லை, கணக்கு எங்கே இடிக்கிறது என்று கேட்கிற மாதிரி. கீழ்ப்படியில் யாரோ வீல்சேரை இறக்க முடியாமல் லிஃப்ட் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் இருமினாள், தண்ணீர் குடித்தாள், பாட்டில் மூடியைத் திருகுவதுகூடக் கேட்டது. போனை வைத்துவிடுவாள், வைக்கட்டும், என்று நினைத்தபோது, சரி உடுங்க, என்றாள். அப்புறம் குரலை இறக்கி, நீங்க பாத்தீங்கல்லங்க, அத்தனை தடவ, எனக்குள்ள இருக்கறத, அது எப்படிங்க இருக்குது, என்று கேட்டாள். அவன் சொல்ல வாயெடுத்தான். ஏழு ஸ்லைடு, காலையிலிருந்து கண்ணாடிக்கு மேல் கண், விளிம்பில் இருந்த நீல வளைவு ஞாபகம் இருந்தது, நாலாவதில் பசைக்குள் மாட்டிய காற்றுக்குமிழி, ஐந்தாவதில் விழுந்த மடிப்பு, தூசி ஒன்று, எல்லாம் ஞாபகம் இருந்தது, ஆனால் அவள் கேட்ட அது, மேடம் சிவப்பு மையால் வளைத்தாரே அந்தக் கட்டி, வளையம் வளையமாக இருந்ததா, திட்டுத் திட்டாக இருந்ததா, எவ்வளவு இடத்தை அடைத்திருந்தது… காலை முழுக்க அவன் கண் அதன் மேலேயேதான் போய் வந்துகொண்டிருந்தது, அதை ஒரு தடவைகூட அவன் பார்க்கவில்லை. புவனா போனை வைக்கவில்லை, காதோடு வைத்துக் காத்திருந்தாள்.